நைனா, உன் கார் சாவி திறக்கவில்லை

என் பாசத்துக்குரிய நைனா,

இப்போது எந்தக் கரையில் எந்த இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியவில்லை. எங்கே இருந்தாலும் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எடு. ஏன் சொல்கிறேன் என்று படிக்கப் படிக்கப் புரியும்.

முதலில் நல்ல செய்தி. நான் கார் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பின்னால் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள், அதையும் எடுத்தேன். "நீ ஓட்னா கிளட்ச்ச தேச்சிடுவ" என்று ஆறு வருஷம் சாவியைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தாயே, அந்த ஆபீசர் கிளட்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லிக்காட்ட முடியாமல் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

கெட்ட செய்தி, லைசென்ஸ் வந்த மறு வாரமே உன் கார் சாவி செத்துப்போனது.

அதற்கு முன்னால் அம்மாவின் கால் கதையைச் சொல்லவேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கப் போன இடத்தில் ஐஸ் தண்ணீரில் சறுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. எலும்பு முறியவில்லை. பத்து நாள் படுத்தே இருக்கவேண்டும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலத்துக்கு ஏறி இறங்கக் கூடாது என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அம்மா படுத்தது நாலு நாள். மீதி ஆறு நாளும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டில் இருப்பவர்களையும் தெருவில் போகிறவர்களையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் கால் இல்லை. திருவொற்றியூர் மார்க்கெட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியாததா? பதினைந்தாம் நாள் கடை விரிக்கிற நேரத்துக்குள் ஆள் வந்து உட்காராவிட்டால் மீன் விற்கிற அந்தப் பலகை அடுத்தவளுக்கு. கல்யாணம், கருமாதி, பிரசவம் எதுவும் செல்லாது. நீ போனபோது பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாலேயே, பதினான்காம் நாள் அம்மா போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேசினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்த இடம்.

அதிலும் பக்கத்துப் பலகை தனத்துடையது. மீன் கழுவிய தண்ணீர் யார் கூடைப் பக்கம் ஓடியது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறதே, அதே தனம். "நான் எப்ப கால ஒடச்சிக்குவேன்னு பாத்துகினே இருந்தா அவ. இப்ப என் எடத்துல பாய விரிச்சிடுவா" என்பதுதான் அம்மாவின் கவலை. என்னைப் போய் உட்காரச் சொல்லலாமே என்றேன். மீன் வெட்டத் தெரியாதவள் உட்கார்ந்தால் இருபத்திரண்டு வருஷப் பேர் ஒரே நாளில் நாறிவிடுமாம்.

பத்தாம் நாள் அம்மா, "நான் மார்க்கெட்டுக்கு போவணும்" என்றாள். ஷேர் ஆட்டோவில் கட்டுப் போட்ட காலோடு ஏற முடியாது. தனி ஆட்டோக்காரர்கள் மீன் கூடையைப் பார்த்தாலே பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள். மாமாவின் பைக்கில் அவள் ஏறமாட்டாள், ஒருமுறை ஏறி மணலி ரோட்டில் விழுந்தது போதும் என்கிறாள். மிச்சம் இருப்பது உன் கார்தான். பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஐஸ் பெட்டி வைத்தாயே, வெயில் காலத்தில் ஜன்னலை ஏற்றினால் மூச்சு விட முடியாத அந்தக் கார்.

நான் பெருமையாகச் சாவியை எடுத்துக்கொண்டு போய் ரிமோட்டை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. திரும்ப அமுக்கினேன். சாவி மேலே இருக்கிற சின்னச் சிவப்பு விளக்கு தூக்கத்தில் கண் திறக்கிற மாதிரி ஒரு தடவை மினுங்கி அணைந்தது. சரி, எதற்கு இருக்கிறது இரும்புச் சாவி என்று கதவில் நுழைத்துத் திருப்பினேன்.

ஸ்டெப்னி திருடு போன கோபத்தில் நீ ஒரு சைரன் வாங்கி மாட்டினாயே, அது அன்றைக்குத்தான் தன் முழுத் திறமையையும் காட்டியது. ரிமோட்டில் அமுக்காமல் சாவி போட்டுத் திறந்தால் நாம் திருடன் என்று அதற்கு நினைப்பு. ஆம்புலன்ஸ் சத்தம், போலீஸ் சத்தம், குருவி சத்தம் என்று ஆறு விதமாக மாற்றி மாற்றிக் கத்தியது. கத்துகிற வரைக்கும் வண்டி ஸ்டார்ட்டும் ஆகாது. இதைச் சொல்லித்தானே உன் கூட்டாளிகளிடம் ஒரு மாதம் பீற்றிக்கொண்டு திரிந்தாய்?

தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டு டெய்சி அக்கா, "ரிமோட்ட தாவாங்கட்டைல வெச்சி அமுக்கு செல்வி, சிக்னலு தூரமா போவும்" என்றார். தூரம் எதற்கு, காரே ஒரு முழம் தள்ளித்தானே நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் தாடையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி அமுக்கினேன். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஒரு பாட்டி, நான் வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்துத் தானும் கும்பிட்டாள். கடைசியில் பாலு மாமா வந்து முன்னாடி மூடியைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றிய பிறகுதான் சைரன் நின்றது.

மாமாவைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? நீ போன பிறகு வாரம் ஒருமுறை வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்ததெல்லாம் அவர்தான், அதை மறுக்கவில்லை. "மாமா, போன வாரம் வேலை செஞ்சுதா இது?" என்று கேட்டேன். "செஞ்சிச்சே. நாலு வாட்டி அமுக்குனா ஒரு வாட்டி கேக்கும்" என்றார். அதற்கு முந்தின மாதம்? "அப்ப ரெண்டு வாட்டிக்கு ஒரு வாட்டி." இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, "நீ கேக்கலியே" என்றார்.

பதினோராம் நாள் ரிமோட்டுக்குப் புது பேட்டரி வாங்கினேன். பொட்டு மாதிரி வட்டமாக, சின்னதாக இருக்கிறது. முதல் தடவை தலைகீழாகப் போட்டேன். இரண்டாம் தடவை சரியாகப் போட்டேன். அப்போதும் விளக்கு மினுங்குவேனா மாட்டேனா என்றுதான் இருந்தது. மாமா வாங்கிப் பார்த்து, "லூசா கீதும்மா" என்று சொல்லி, மாத்திரை அட்டையிலிருந்து வெள்ளித் தாளைக் கிழித்து மடித்து உள்ளே செருகினார். அம்மாவின் கால் வலி மாத்திரைகள் தரையெங்கும் ஓடின. மூடிக்குள் என்ன இருக்கிறது என்று நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. பேட்டரி வைக்கிற சின்னக் குழியைத் தவிர மற்றதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் இருந்தது.

அப்போதுதான் அம்மாவுக்கு இரண்டாவது சாவி நினைவுக்கு வந்தது. வண்டி வாங்கும்போது இரண்டு கொடுத்தார்களே. பீரோ, சாமி மாடம், அரிசி டிரம், கட்டில் அடி எல்லாவற்றையும் கலைத்தோம். "அந்த மனுசன் பேண்ட் பாக்கெட்ல போட்டுகினே போயிட்டாரோ?" என்று மாமா மெல்லக் கேட்டார். உனக்குப் பேண்ட் போட்டு அனுப்பவில்லை, வேட்டிதான் கட்டினோம் என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைசியில் அது உன் வலைப் பெட்டிக்குள் இருந்தது. கடலுக்குப் போகும்போது பீடியையும் தீப்பெட்டியையும் சுற்றுவாயே, அதே மாதிரி பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அதன் மேல் இன்னொரு பை, இன்னொரு ரப்பர் பேண்ட். பிரித்தேன், பிரித்தேன், பிரித்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது பைக்குள்ளிருந்து சாவி வெளியே வந்தபோது அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். காருக்குப் பக்கத்தில் போய் அமுக்கினேன். பழைய சாவியில் மினுங்கிய விளக்குகூட இதில் மினுங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். காருக்குள் உட்கார்ந்து சாவியை ஐந்து தடவை போட்டு எடுத்து, ரிமோட்டை அமுக்கிப் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளுமாம். பேட்டரி வயரை மாட்டாமல் இதைச் செய்ய முடியாது. வயரை மாட்டினால் சைரன் கத்தும். ஆகவே சைரன் கத்தக் கத்த, உள்ளே மீன் நாற்றத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஐந்து தடவை செய்தேன். அடையாளம் கண்டுகொண்டது தெரு நாய்கள்தான். அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே குரைக்கின்றன.

"சைரன் வயரயே கட் பண்ணிடலாம்" என்று மாமா கட்டிங் பிளேயரோடு வந்தார். எந்த வயர் என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். நீ முடிச்சு போட்டு வைத்த வயர்கள் ஒரு கொத்தாக இருந்தன. "எல்லாமே கறுப்பா கீதே" என்றார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, "அந்த மனுசன் போட்ட வயர்ல கைய வெச்ச, உன் கைய வெட்டிடுவேன்" என்றாள். மீன் வெட்டுகிறவள் சொல்கிற வார்த்தை, மாமா பிளேயரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மாமா விடியற்காலையிலேயே ஒரு கண்டுபிடிப்போடு வந்தார். "ரிமோட்டு நல்லா தான்மா கீது. தப்பு நம்ம ஏரியாவுலதான். ஹார்பர்ல கப்பலுக்கு கப்பலு ரேடியோல பேசிகினே கீறாங்கோ. அந்த அலை மொத்தமும் நம்ம தெருவுலதான் வந்து வுழுது. அதுல உன் ரிமோட்டு அமுங்கிப் போவுது. வண்டிய கடல வுட்டு உள்ள தள்ளிகினு போயி அமுக்கு, தொறக்கும்."

அவர் துறைமுகத்தில் கிரேன் பக்கம் உதவியாளாக இருக்கிறார், அலையைப் பற்றி அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் நீயும் நம்பியிருப்பாய், பொய் சொல்லாதே. மறுபடி வயரைக் கழற்றி, நான் ஸ்டியரிங்கில் உட்கார, மாமாவும் தெருக்காரர்கள் மூன்று பேரும் காரைத் தள்ளினார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கவேண்டும். பாதி சாலையில் வண்டி நின்றுவிட்டது. இந்தப் பக்கம் எட்டு கன்டெய்னர் லாரி, அந்தப் பக்கம் எத்தனை என்று நான் பார்க்கவில்லை.

நான் கன்டெய்னர் யார்டு கேட்டில் லாரி நம்பர் குறிக்கிற வேலை பார்க்கிறேன் இல்லையா, முன்னால் நின்ற லாரி டிரைவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. தலையை வெளியே நீட்டி, "இன்னா மேடம், டெய்லி கேட்டுல எங்கள நிறுத்துறது பத்தலியா, இன்னிக்கி ரோட்டயே நிறுத்திட்டீங்கோ" என்றார். அப்புறம் அவரே இறங்கி வந்து தள்ளினார். தேரடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, வயரை மாட்டிவிட்டு ரிமோட்டை அமுக்கினேன். சைரன் கத்தியது. "காத்து மாறிகீது" என்றார் மாமா. திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

அன்று சாயங்காலம் அம்மா மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துத் துடைத்தாள். கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "போனா போவட்டும் செல்வி. தனமே எடுத்துகட்டும். எனக்கும் வயசாவுது" என்றாள். அவள் திட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் எனக்குப் பயம் வரவில்லை. திட்டாமல் பேசியதும் பயந்துவிட்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் இப்படிப் பேசவில்லை நைனா.

பதினான்காம் நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு சாவியையும் பையில் போட்டுக்கொண்டு எம்.கே.பி. நகருக்குக் கிளம்பினேன். அங்கே கார் சாவி, ரிமோட் ரிப்பேர் பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார் என்று யார்டில் சொன்னார்கள். முதல் நாளே ஏன் போகவில்லை என்று கேட்பாய். போட் இன்ஜின் டிரைவர் வீட்டில் வெளி ஆளிடம் ரிப்பேருக்குப் போவதா என்று மாமாவுக்கு ரோஷம். எனக்கும் கொஞ்சம் இருந்தது, யாரிடமும் சொல்லாதே.

மாமாவும் கூடவே வந்தார். பாய் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சாவியை வாங்கினார். உள்ளிருந்து வெள்ளித் தாளை இடுக்கியால் எடுத்து, எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். சின்னக் கத்தியை விளிம்பில் விட்டு நெம்பி, அந்தப் பிளாஸ்டிக் தடுப்பையும் எடுத்து, சாவியை இரண்டாகப் பிளந்தார். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, ரிமோட்டா, அல்வாவா?" என்றார்.

உள்ளே முழுக்க கிரீஸ். பச்சைச் சில்லு தெரியவே இல்லை. பட்டனுக்கு அடியில் இருக்கிற ரப்பர் ஊறி உப்பிப்போயிருந்தது. பேட்டரி உட்காருகிற தகட்டுக்கு அடியில், மூலையில், எங்கெங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் விரலால் அழுத்தி அழுத்தி வைத்திருந்தது. இரண்டாவது சாவியைத் திறந்தார். அதில் இன்னும் தாராளம். மூடியைத் திறந்ததும் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

யார் வேலை என்று யாரும் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. கேட் கீலில் கிரீஸ், குடைக் கம்பியில் கிரீஸ், டிவி ரிமோட் ஸ்பிரிங்கில் கிரீஸ், குக்கர் பிடி ஸ்குரூவில் கிரீஸ். ஆறாவது படிக்கும்போது என் காம்பஸுக்குக் கிரீஸ் வைத்து, நான் போட்ட வட்டமெல்லாம் கறுப்பாகி, டீச்சர் வெளியே நிற்கவைத்தார்களே. "உப்புக் காத்து சும்மா வுடாதும்மா, துரு துன்னுடும்" என்று அன்றைக்கும் நீ டீச்சருக்கே விளக்கம் சொல்லிவிட்டு வந்தாய். போட் இன்ஜினுக்கும் பேட்டரி முனைக்கும் வைக்கிற வைத்தியத்தை இந்தச் சுண்டு விரல் அளவு சாமானுக்கும் வைத்திருக்கிறாய். உன்னைத் தவிர உலகத்தில் யாருக்கு வரும் இந்த யோசனை?

"இது சாதா கிரீஸ் இல்லியே" என்று பாய் விரலில் தேய்த்துப் பார்த்தார். "ஆமா பாய், கிரேனுக்கு வெக்கிறது. பத்து வருசமானாலும் எறங்காது" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மாமா, உனக்கு எப்டி தெரியும்?"

"நான்தான்மா டப்பா குடுத்தேன்."

"அஞ்சு நாளா இத்த சொல்லாம காரத் தள்ளிகினு இருந்தியா?"

"வெச்சது நல்லதுக்குன்னுதான் நெனச்சேன் செல்வி. உன் மேல சத்தியமா, கிரீஸால ஒரு சாமான் கெட்டுப்போவும்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு மாமா அந்தக் கதையைச் சொன்னார். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு முந்தின நாள். வாசலில் உட்கார்ந்து இரண்டு சாவியையும் பிரித்துவைத்துக்கொண்டு, "மச்சான், நெஞ்சு ஒரு மாதிரி கீது. ரெண்டு நாளு படுத்தேன்னா வண்டி சும்மா நிக்கும். அதுக்குள்ள சாவி துரு புடிச்சி இவளுங்க பேஜாராவக் கூடாது" என்று சொன்னாயாம். நெஞ்சு வலிக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சாவிக்குக் கிரீஸ் வைத்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருப்போமே. எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அந்தக் கடையிலேயே, வருகிறவர் போகிறவர் பார்க்க, உட்கார்ந்து அழுதேன்.

பாய் எனக்கு டீ வரவழைத்தார். "அழாதம்மா. வச்ச உடனே நின்னிருக்காது. சூட்டுக்கு மெல்ல மெல்ல பட்டனுக்குள்ள எறங்கிகீது. உங்க நைனா உங்களுக்கு பத்திரமா வெச்சிட்டுத்தான் போயிகீறாரு. இன்னா, கொஞ்சம் ஓவரா வெச்சிட்டாரு." அதைக் கேட்டதும் அழுகையிலேயே சிரிப்பும் வந்து டீ புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பாய் உன் கிரீஸோடு மல்லுக்கட்டினார். குச்சியால் வழித்தார். ஸ்பிரிட் தொட்டு டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். உப்பிப்போன ரப்பரை எடுத்துவிட்டு வேறு போட்டார். பேட்டரித் தகட்டை உரசிப் பளபளப்பாக்கினார். பழைய சாவியை மூடியதும் சிக்னல் பார்க்கிற ஒரு டப்பாவுக்கு முன்னால் அமுக்கிக் காட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது, டப்பா கீச்சென்றது. "இதுக்கு ஒரு ரப்பர் கவர் போதும். இனிமே கிரீஸ் டப்பா இருக்கிற பக்கமே இத்த கொண்டுபோவாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாமாவையும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா வயரை மாட்டினார், சைரன் கத்த ஆரம்பித்தது. நான் தெரு முனையிலிருந்தே அமுக்கினேன். டொக் என்று நாலு கதவும் திறந்தன. சைரன் வாயை மூடிக்கொண்டது. டெய்சி அக்கா தாவாங்கட்டையைத் தொட்டுக் காட்டினார், அவர் சொன்ன யோசனைதான் பலித்தது என்று. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ முந்தின நாள் சொன்னதையும் சேர்த்து. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன் காதுப் பக்கத்து ஸ்குரூவைக் காட்டினாள். "இதுலயும் வெச்சாருடி உங்க நைனா. நாலு நாளு காதோரம் கறுப்பா வழிஞ்சிகினு மார்க்கெட்ல ஒக்காந்திருந்தேன். ஒருத்தியும் சொல்லல" என்று சொல்லிச் சிரித்தாள். எட்டு மாதம் கழித்து அவள் சிரித்ததை நேற்றுத்தான் கேட்டேன். சிரித்து முடித்துச் சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொத்தமா வழிச்சிட்டானா அந்த ஆளு? மேலாக்க கொஞ்சம் வெக்கச் சொல்லியிருக்கலாம், உப்புக் காத்தாச்சே" என்றாள். உன் சகவாசம் அவளை எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறது பார்.

இன்று பதினைந்தாம் நாள். விடிந்தும் விடியாமலும் காசிமேட்டுக்குப் போனோம். அம்மா காரைவிட்டு இறங்காமல் ஜன்னல் வழியாகவே ஏலம் எடுத்தாள். ஏலக்காரர் காருக்கும் கும்பலுக்கும் நடுவில் ஓடியாடி வேர்த்துப்போனார். சங்கரா, கானாங்கெளுத்தி, கொஞ்சம் இறால். திரும்பும்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி இரண்டு தடவை நின்றுவிட்டது. ஒரு வாசனையும் வந்தது. கிளட்ச் வாசனைதான். நீ கேட்காதே, நானும் சொல்லவில்லை.

மார்க்கெட் வாசலில் நிறுத்தினேன். அங்கிருந்தே பார்த்தால் அம்மாவின் பலகை தெரியும். அதன் மேல் தனம் உட்கார்ந்திருந்தாள். அகலமாக, காலை நீட்டி, முன்னால் மீனைப் பரப்பி. அவளுடைய பழைய பலகையில் யாரோ எண்ணூர் பக்கத்துப் புதுப் பெண் கடை விரித்திருந்தாள்.

அம்மா என் கையைக்கூடப் பிடிக்கவில்லை. ஒரு காலால் தாங்கித் தாங்கி அவள் நடந்த வேகத்துக்கு நான் கூடையோடு பின்னால் ஓடவேண்டியிருந்தது. "கத்திய எட்றி" என்றாள். நான் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மார்க்கெட்டே தராசைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானது.

"எறங்குடி என் எடத்த வுட்டு" என்றாள் அம்மா. ஆறு வருஷத்துக்குப் பிறகு தனத்திடம் பேசிய முதல் வார்த்தை.

தனம் மீனை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். சொம்பில் தண்ணீர் எடுத்துப் பலகையைக் கழுவினாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னா இவ்ளோ நேரம்? எட்டாம் நாளே ரெண்டு பொம்பளைங்கோ வந்து கேட்டாளுங்கோ, எப்ப காலியாவும்னு. கெழவி செத்தா போயிட்டா, கால்தானே ஒடிஞ்சிகீதுன்னு நானே வந்து ஒக்காந்துட்டேன். காலி எடத்தத்தானே எடுப்பாளுங்கோ" என்றாள்.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். பக்கத்துப் பலகையைப் பார்த்தாள். அந்த எண்ணூர்ப் பெண் தலையைக் குனிந்துகொண்டு மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உன் எடம்?"

"போச்சி. வேற பலகைல ஒக்காந்தா பழச அன்னிக்கே வுட்ட மாதிரிதானே. ஒருத்தி எத்தினி பலகைல ஒக்காருவா?" என்று தனம் தன் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எங்கே போகப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அம்மா பலகையில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட காலை நீட்டினாள். பிறகு தன் சேலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். தனத்தின் முகத்தைப் பார்க்காமல் பலகையைத் தட்டி, "ஒக்காரு. மீன் தண்ணிய மட்டும் அந்தாண்ட ஊத்து" என்றாள்.

நைனா, உன்னிடம் ஒரு சத்தியம் செய்கிறேன். நாளையிலிருந்து காசிமேட்டுக்கு இரண்டு பேரையும் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன், இரண்டு பேர் மீனும் உன் காரில்தான் வரும். கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் யார்டுக்குப் போவேன். வழியில் இரண்டு பேரும் சண்டை போட்டால் வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிடுவேனே தவிர, ஒருத்தியையும் பாதியில் இறக்கிவிட மாட்டேன்.

மீன் செதில் ஒட்டிய கையோடு,
நீ பெற்று, திட்டி, வளர்த்த ஒரே பொண்ணு,
செல்வி